சனிக்கிழமை சம்பளமும் 45 நாள் பில்லும்: தொழில் பற்றிய கிறிஸ்தவப் போதனை கொங்கு நாட்டில் எங்கே பொருந்துகிறது?

2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன்பே, 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற புதிய பிரிவு சேர்ந்திருந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தைக் கெடுவுக்குள் தராவிட்டால், அந்தச் செலவைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் கணக்கில் கழிக்க முடியும் என்றது அது. 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. திருப்பூர், கரூர், ஈரோடு, கோவை எல்லாமே இந்த மூன்றிலும் சிக்கின.

இதே ஊர்களில் கம்பெனி நடத்தும் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள், அந்தக் கம்பெனிகளில் கைமடி என்ற தையல் உதவி வேலைக்கும் செக்கிங்குக்கும் போகும் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். சட்டம் சொல்வதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். தொழில் பற்றி வேதமும் சபையும் உண்மையில் என்ன சொல்கின்றன என்பதில்தான் குழப்பம் நிறைய. லாபம் பாவமா? வட்டி வாங்கலாமா? ஞாயிற்றுக்கிழமை கம்பெனியைத் திறக்கலாமா? நஷ்டம் வந்தால் விசுவாசக் குறைவா? அடிப்படையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தப் போதனையின் நடு மையம் லாபத்தின் அளவு அல்ல. பணத்துக்காகக் காத்திருப்பவர் யார், அவரை எத்தனை நாள் காக்க வைக்கிறோம் என்பதுதான்.

வேலை சாபமா?

ஆதாம் பாவம் செய்ததால்தான் மனிதனுக்கு வேலை வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆதியாகமம் அப்படிச் சொல்லவில்லை. 2:15இலேயே, பாவம் நுழைவதற்கு முன்பே, தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் மனிதன் வைக்கப்படுகிறான். 3ஆம் அதிகாரத்தில் வருவது நெற்றி வியர்வையும் முள்ளும் குருக்கும். அதாவது வேலையின் கடினம்தான் பின்னால் வந்தது, வேலை அல்ல.

இயேசுவை ஊரார் தச்சன் என்றே அறிந்திருந்தார்கள் (மாற்கு 6:3). பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாவோடு தங்கிக் கூடாரம் செய்து பிழைத்தார் (அப்போஸ்தலர் 18:3). பிலிப்பியில் முதலில் விசுவாசித்த லீதியாள் இரத்தாம்பரம் விற்ற வியாபாரி, அதாவது சாயத் துணி வியாபாரம். நீதிமொழிகள் 31இன் குணசாலியான பெண் ஆட்டு மயிரும் சணலும் தேடி, கதிர் பிடித்து, மெல்லிய புடவை நெய்து விற்று, வியாபாரிகளிடம் கச்சைகளை ஒப்புவிக்கிறாள். நூலும் தறியும் சாயமும் தெரிந்த கொங்கு வாசகருக்கு இந்தப் பகுதிகளை விளக்கவே வேண்டியதில்லை.

மடத்துக்குப் போவதுதான் தேவ அழைப்பு என்றிருந்த காலத்தில், செருப்புத் தைப்பவரின் வேலையும் அழைப்புதான் என்று 16ஆம் நூற்றாண்டில் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் வாதாடினார். கத்தோலிக்கத் திருச்சபையில் 1955இல் திருத்தந்தை 12ஆம் பயஸ், மே 1ஐத் தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவாக்கினார். 1981இல் 2ஆம் யோவான் பவுல் வேலையைப் பற்றியே தனிச் சுற்றுமடல் எழுதினார். முதலைவிட உழைப்புக்கே முன்னுரிமை என்பது அதன் முக்கியமான நிலைப்பாடு.

ஒரு வசனம் மட்டும் அடிக்கடி தவறாகக் கையாளப்படுகிறது. வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்பது 2 தெசலோனிக்கேயர் 3:10. அங்கே பேசப்படுவது மனதில்லாதவன். ஆர்டர் இல்லாமல் லே-ஆஃபில் வீட்டில் உட்கார்ந்திருக்கும் டைலரையோ, பஞ்சாலைத் தூசியில் நுரையீரல் கெட்டவரையோ நோக்கி அதை வீசுவது அநியாயம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள்

1. உக்கிராணத்துவம்: சொத்து தேவனுடையது, நாம் அதை நிர்வகிக்கும் உக்கிராணக்காரர் மட்டுமே என்ற கருத்து. எஜமான் தன் பணத்தை வேலைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும் தாலந்து உவமை (மத்தேயு 25) இதன் மேல்தான் நிற்கிறது. லாபம் ஈட்டியவனைத்தான் எஜமான் பாராட்டுகிறான் என்பதால், லாபமே பாவம் என்று யாரும் சொல்ல முடியாது. கணக்கு கேட்கப்படும் என்பதும் அதே உவமையில் இருக்கிறது.

2. ஓய்வுநாள்: ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் ஓய்வு. யாத்திராகமம் 20:10 இதை முதலாளிக்கு மட்டும் தரவில்லை. வேலைக்காரன், வேலைக்காரி, மிருக ஜீவன், வாசலில் இருக்கும் அந்நியன் எல்லாருக்கும் சேர்த்தே தருகிறது.

3. தசமபாகம்: வருமானத்தில் பத்தில் ஒன்றைக் காணிக்கையாகத் தருவது. கிறிஸ்தவருக்கு இது கட்டாயமா என்பதில் சபைகளுக்குள் ஒத்த கருத்து இல்லை.

4. நியாயமான கூலி: இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட தொகை என்பதோடு இது முடிவதில்லை. குடும்பம் பிழைக்கப் போதுமான கூலி என்பதே பொருள்.

கூலி: போதனையின் இதயம்

வேதத்தில் தொழில் பற்றி எத்தனையோ வசனங்கள் உண்டு. ஆனால் நியாயப்பிரமாணம் (மோசேயின் சட்டம்), தீர்க்கதரிசிகள், நிருபங்கள் (அப்போஸ்தலரின் கடிதங்கள்) என்று மூன்று அடுக்கிலும் திரும்பத் திரும்ப வருவது கூலிதான். அந்த வாதம் இப்படி நகர்கிறது:

1. லேவியராகமம் 19:13, கூலிக்காரனின் கூலி விடியும் வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்கிறது. பிறனை ஒடுக்காதே, கொள்ளையிடாதே என்று சொல்லும் அதே வசனத்துக்குள் இது வருகிறது. கூலியைத் தள்ளிப்போடுவது கொள்ளையின் வரிசையில் வைக்கப்படுகிறது, வெறும் சோம்பலாகக் கருதப்படவில்லை.

2. உபாகமம் 24:14-15 காரணத்தையும் சொல்கிறது. அவன் ஏழை, அந்தக் கூலியையே நம்பியிருக்கிறான், ஆகவே சூரியன் அஸ்தமிக்கும் முன் கொடு. உன் சகோதரனானாலும் உன் வாசல்களில் இருக்கும் அந்நியனானாலும் சரி என்று அது தெளிவாகச் சேர்த்துக்கொள்கிறது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்து திருப்பூரில் லைன் வீடுகளில் தங்கியிருக்கும் தொழிலாளருக்கு இந்த வசனம் நேராகவே பொருந்தும்.

3. எரேமியா 22:13, பிறனிடம் வேலை வாங்கிக் கூலி கொடுக்காமல் வீடு கட்டுகிறவனுக்கு ஐயோ என்கிறது. அந்தப் பேச்சு அரசனை நோக்கியது.

4. யாக்கோபு 5:4, நிலத்தை அறுத்தவர்களின் பிடித்து வைக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுகிறது என்கிறது.

5. ஆகவே தாமதமாகக் கொடுப்பது என்பது, நம்மைவிட ஏழையானவரிடம் அவர் சம்மதம் இல்லாமல் வட்டியில்லாக் கடன் வாங்குவது.

இப்போது சட்டத்தைப் பாருங்கள். 2019இன் ஊதியச் சட்டத் தொகுப்பு 17ஆம் பிரிவில், தினக்கூலியை ஷிப்ட் முடியும்போதும், வாரச் சம்பளத்தை வார விடுமுறைக்கு முந்தைய வேலை நாளிலும், மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள்ளும் கொடுக்கச் சொல்கிறது. வேலையை விட்டு நின்றவருக்கும் நீக்கப்பட்டவருக்கும் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். திருப்பூரின் சனிக்கிழமை சம்பள வழக்கம் இதற்கு ஏற்கெனவே ஒத்துப்போகிறது. சனிக்கிழமை கைக்கு வந்தால்தான் ஞாயிற்றுக்கிழமை கறியும் மளிகையும் வீட்டுக்கு வரும். அந்தச் சம்பளம் திங்கள், செவ்வாய் என்று தள்ளிப்போனால் என்ன ஆகும் என்பது வாங்குகிறவருக்குத்தான் தெரியும்.

பவர்டேபிள் காத்திருப்பு

நேரடித் தொழிலாளி மட்டுமல்ல. கொங்கின் தொழில் பெரிதும் ஜாப் ஒர்க்கில், அதாவது பிறர் தரும் சரக்கைக் கூலிக்குச் செய்து கொடுப்பதில், ஓடுகிறது. ஏற்றுமதியாளர் துணியை வெட்டிப் பவர்டேபிளுக்குக் கொடுக்கிறார். பவர்டேபிள்காரர் பத்து இருபது மெஷின் வைத்துத் தைத்துக் கொடுக்கிறார். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக்காரர், ஜவுளி உற்பத்தியாளர் தரும் பாவுக்கும் நூலுக்கும் கூலிக்கு நெய்கிறார். காகிதத்தில் இவர்கள் முதலாளிகள். வாழ்க்கையில் கூலிக்காரர்கள்தான். கூலி உயர்வுக்காக விசைத்தறிகள் எத்தனை முறை நின்றன என்பது அந்தப் பகுதிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஏற்றுமதியாளருக்கு வங்கிக் கடன் கிடைக்கும். பவர்டேபிள்காரருக்கு அது எளிதல்ல. ஆனால் அவர் தன் டைலர்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் போட்டே ஆக வேண்டும். 'பில் பாஸ் ஆகலைங்க, அடுத்த வாரம் பாத்துக்கலாங்க' என்ற பதில் வந்தால், அவர் போவது தினவட்டிக்காரரிடம். மேலே இருப்பவரின் தாமதம் கீழே வரும்போது கடனாக மாறிவிடுகிறது.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் இதற்குத்தான் கெடு வைத்தது. எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயத்தில் சின்னவர்கள் அந்த வட்டியைக் கேட்பதே அரிது. 43பி(எச்) வந்த பிறகு வரிக் கணக்கு வழியாகவே, வேலை வாங்கியவருக்கு நெருக்கடி வந்தது. சட்டத்துக்கு 45ஆம் நாள் போதும். ஆனால் போதனையின் பார்வையில் 45 நாள் என்பது மேல் எல்லை மட்டுமே, இருபதாம் நாள் கையில் பணம் இருந்தால் அன்றைக்கே கொடுப்பதுதான் சரி. கிறிஸ்தவ முதலாளியைச் சட்டத்தைவிட ஒரு படி மேலே நிறுத்துவது இந்த இடம்தான் என்று நினைக்கிறேன்.

ஏற்றுமதியாளரும் நசுங்குகிறார் என்பது உண்மை. வரி ஏறியதும் வெளிநாட்டு வாங்குபவர்கள் தள்ளுபடி கேட்டார்கள், ஆர்டரை நிறுத்தி வைத்தார்கள். கொலோசெயர் 4:1, எஜமான்களே, உங்களுக்கும் பரலோகத்தில் எஜமான் உண்டு என்று சொல்லி வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யச் சொல்கிறது. இதை நியாயமாக நீட்டினால், விலையைக் குறைத்தே தீருவேன் என்று நிற்கும் வெளிநாட்டு பிராண்டுக்கும் இதே வார்த்தை பொருந்தும். தனக்கு மேலே அநியாயம் நடக்கிறது என்பதைக் கீழே இருப்பவரின் கூலியைப் பிடிக்கக் காரணமாக்க மட்டும் முடியாது.

'ஒப்புக்கொண்டுதானே வேலைக்கு வந்தார்?'

இந்த வாதத்துக்கு 1891 மே 15 அன்றே திருத்தந்தை 13ஆம் லியோ தன் ரேரும் நோவாரும் சுற்றுமடலில் பதில் சொல்லிவிட்டார். வறுமையாலோ இன்னும் மோசமானது நேரும் என்ற பயத்தாலோ ஒரு தொழிலாளி கடினமான நிபந்தனைக்குத் தலையாட்டினால், அவர் வன்முறைக்கும் அநீதிக்கும் ஆளானவர் என்றார் அவர். ஒப்பந்தத்துக்கு மேலே ஓர் இயற்கை நீதி இருக்கிறது, கூலி ஒரு சிக்கனமான தொழிலாளி பிழைக்கப் போதுமானதாக இருக்க வேண்டும் என்பது அவர் நிலை. அதே மடல் தனிச்சொத்தையும் ஆதரிக்கிறது, தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையையும் ஆதரிக்கிறது. 2025இல் தேர்வான இன்றைய திருத்தந்தை 14ஆம் லியோ, தன் பெயரைத் தேர்ந்ததற்கு இந்த மடலையும் ஒரு காரணமாகச் சொன்னார்.

இதை கொங்குப் பஞ்சாலைகளின் சுமங்கலித் திட்டத்தோடு வைத்துப் பார்க்கலாம். இளம்பெண்களை விடுதியில் தங்க வைத்து, சுமார் மூன்று ஆண்டு முடிந்ததும் கல்யாணச் செலவுக்கு ஒரு மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன ஏற்பாடு அது. பெற்றோர் சம்மதித்தார்கள், பெண்ணும் சம்மதித்தாள் என்பார்கள். நடுவில் உடம்பு முடியாமல் போனால், உழைத்த காசு கைக்கு வருமா என்பதே சந்தேகம். விடியும் வரை கூலியை வைத்திருக்காதே என்ற வசனத்தின் முன் மூன்று வருடம் பிடித்து வைத்த கூலிக்கு என்ன பதில்? சேமிப்புத் திட்டம் என்று பெயர் வைத்தாலும் இதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

வட்டி: தடையா, இல்லையா?

இங்கேதான் குழப்பம் அதிகம். படிப்படியாகப் பார்த்தால் தெளிந்துவிடும்.

1. யாத்திராகமம் 22:25, லேவியராகமம் 25:36 இரண்டும் வறுமையில் விழுந்த சகோதரனிடம் வட்டி வாங்காதே என்கின்றன. அந்தச் சமுதாயத்தில் கடன் என்றாலே பெரும்பாலும் பஞ்சத்தில் வாங்கிய கடன்.

2. உபாகமம் 24:6, திரிகைக் கல்லை அடகு வாங்காதே, அது ஜீவனை அடகு வாங்குவது என்கிறது. பிழைப்புக்கான கருவியைப் பறிக்காதே என்பதே அதன் கருத்து. தவணை தவறியதும் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போவது இதற்கு நேர் எதிர்.

3. 1179இன் மூன்றாம் லாத்தரன் சங்கம் (ரோமில் கூடிய ஆயர்களின் பேரவை) வட்டித் தொழில் செய்பவருக்குக் கிறிஸ்தவ அடக்கத்தையே மறுத்தது. ஆனால் 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் பிரான்சிஸ்கன் துறவிகள் ஏழைகளுக்காகக் குறைந்த கட்டணத்தில் அடகுக் கடைகள் தொடங்கினார்கள். 1515இல் ஐந்தாம் லாத்தரன் சங்கம் அதை ஏற்றது.

4. 16ஆம் நூற்றாண்டில் இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வின், தொழிலுக்கு வாங்கும் கடனுக்கு வட்டியை அனுமதித்தார். ஏழையிடம் வாங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

ஆக, தறி வாங்க வங்கிக் கடன் எடுப்பதும் வங்கியில் வேலை பார்ப்பதும் பாவமல்ல. ஆஸ்பத்திரிச் செலவுக்கு வந்து நிற்பவரிடம் மீட்டர் வட்டி வாங்குவது பாவம். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டப்படி அது குற்றமும் கூட.

நெகேமியா 5ஆம் அதிகாரத்தை எல்லாரும் ஒருமுறை வாசிக்க வேண்டும். பஞ்சத்தில் நிலத்தையும் திராட்சத் தோட்டத்தையும் அடகு வைத்து, கடைசியில் பிள்ளைகளையே அடிமையாக்க நேர்ந்தவர்கள் முறையிடுகிறார்கள். யூதாவின் ஆளுநரான நெகேமியா, கடன் கொடுத்த பிரபுக்களைச் சபையின் முன் நிறுத்தி, நிலத்தையும் வாங்கிய வட்டியையும் திருப்பித் தர வைக்கிறார். முன்பணம் வாங்கிய ஒரே காரணத்தால் குடும்பத்தோடு ஒரே தறிக்கூடத்தில் கட்டுண்டு கிடப்பவர்களுக்கு இந்தக் கதை பழங்கதை அல்ல. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976லேயே வந்துவிட்டது.

தராசு, விலை, போட்டி

கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்பது நீதிமொழிகள் 11:1. ஆமோஸ் 8:5-6 மரக்காலைக் குறைத்து, பதரைக் கோதுமையாக விற்பவர்களைத் திட்டுகிறது. மஞ்சள் மூட்டையின் ஈரம், நூலின் பருமனைச் சொல்லும் கவுண்ட், துணியின் எடையைச் சொல்லும் ஜிஎஸ்எம், பில் இல்லாமல் போகும் சரக்கு என்று இன்றைய உருவங்களை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இதைவிடச் சுவையானது மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் பணம் பற்றிய பிரசங்கம். முடிந்தவரை சம்பாதி, முடிந்தவரை சேமி, முடிந்தவரை கொடு என்பது அதன் சாரம். சம்பாதிப்பதற்கு அவர் வைத்த நிபந்தனைகளைத்தான் யாரும் சொல்வதில்லை. உன் உடம்பைக் கெடுத்துச் சம்பாதிக்காதே, அண்டை வியாபாரியை அழிக்கச் சந்தை விலைக்குக் கீழே விற்காதே என்றார். ஒருவர் கொடுத்த ரேட்டை இன்னொருவர் ஐம்பது பைசா குறைத்து ஆர்டரைப் பறிப்பதால், கடைசியில் ஊர் முழுவதும் பீஸ் ரேட் இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது உறைக்கும். அண்டை வியாபாரிக்குத் தேவையான வேலையாளை இழுக்காதே என்றும் வெஸ்லி சொன்னார். அதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. நல்ல கூலி தேடிப் போவது தொழிலாளியின் உரிமை.

ஞாயிறும் ஒன்றரை ஷிப்டும்

பெரும்பாலான சபைகளுக்கு ஓய்வும் ஆராதனையும் ஞாயிற்றுக்கிழமை, ஏழாம் நாள் சபையினருக்குச் சனிக்கிழமை. ஓய்வுநாள் மனிதனுக்காக உண்டாக்கப்பட்டது (மாற்கு 2:27) என்பதால், ஆஸ்பத்திரியும் பேருந்தும் ஓடுவதை யாரும் குறை சொல்வதில்லை. கம்பெனியை ஞாயிறு பூட்டுவதோடு கடமை முடிந்ததா என்பதே கேள்வி. ஷிப்மெண்ட் நெருக்கடியில் வாரம் முழுவதும் ஒன்றரை ஷிப்ட், சில நாள் விடிய விடிய வேலை என்று வாங்கிவிட்டு, ஞாயிறு காலை மட்டும் விட்டால், அது தூங்குவதற்கே போதாது. ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி என்பது சட்டம். வேண்டாம் என்று சொல்ல முடிந்தால்தான் அது ஓவர்டைம்.

நொய்யல்: வேலிக்கு அப்பால் பரவிய தீ

யாத்திராகமம் 22:6இல் ஒரு சின்னச் சட்டம் இருக்கிறது. ஒருவன் மூட்டிய தீ முள்ளில் பற்றி அடுத்தவன் பயிரை எரித்தால், தீ மூட்டியவன் ஈடு செய்ய வேண்டும். எரிக்க நினைத்தானா என்ற கேள்வியே அங்கே இல்லை. திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த விவசாயிகளின் கிணறும் நிலமும் உப்பேறியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவை முற்றிலும் சுத்திகரிக்கும் வரை சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அந்த மூடலில் வேலை போன ஏழைகளும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. ஆனால் சுத்திகரிப்புச் செலவு சாயம் போடும் செலவின் ஒரு பகுதிதான், அதைக் கீழ்மடை விவசாயி தலையில் இறக்க முடியாது என்பதில் மோசேயின் சட்டமும் நீதிமன்றமும் ஒரே பக்கம்.

நஷ்டம் வந்தால் சாபமா?

காணிக்கை கொடுத்தால் தொழில் பெருகும், பெருகாவிட்டால் விசுவாசம் போதாது என்ற செழிப்பு உபதேசம் கொங்கிலும் கேட்கிறது. வரியால் ஆர்டர் போன கம்பெனிக்காரரிடம் இதைச் சொல்வது கொடுமை. யோபு தன் பாவத்தால் ஆஸ்தியை இழக்கவில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்கிறார் (லூக்கா 13:4-5).

கையிருப்பு குறையும்போது யாருக்கு முதலில் கொடுப்பது? மத்தேயு 23:23, ஒற்தலாமிலும் (புதினா) வெந்தயத்திலும் தசமபாகம் செலுத்தி, நீதியையும் இரக்கத்தையும் விட்டவர்களைக் கண்டிக்கிறது. காணிக்கைப் பணம் எடுத்து வைத்துவிட்டுச் சனிக்கிழமை சம்பளத்தைப் பாதியாக்குவது இந்த வரிசையைத் தலைகீழாக்குவது. வரிசை இப்படித்தான் வரும்: முதலில் தொழிலாளி, அடுத்து ஜாப் ஒர்க் செய்த சின்னவர், பிறகு மற்ற கடன்கள், அப்புறம் முதலாளியின் லாபமும் காணிக்கையும்.

சபையும் ஒரு முதலாளி

கொங்கு முழுவதும் சபைகள் பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, விடுதி நடத்துகின்றன. அங்கே ஆசிரியர், நர்ஸ், சமையல்காரர், வாட்ச்மேன் என்று பலர் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். அரசு உதவி பெறாத பள்ளிகளில் சம்பளம் குறைவு என்பது ஊரறிந்த செய்தி, சபைப் பள்ளிகளும் அதற்கு விலக்கல்ல. ஊழியம்தானே என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைக்கும் பழக்கமும் இருக்கிறது.

1971இல் உரோமையில் கூடிய ஆயர் மாமன்றம், நீதியைப் பற்றி மற்றவரிடம் பேசத் துணிபவர் முதலில் அவர்கள் கண்ணில் நீதியுள்ளவராக இருக்க வேண்டும் என்று எழுதியது. திருச்சபையில் வேலை செய்பவருக்குப் போதுமான ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் வேண்டும் என்றும் அதே ஆவணம் கேட்டது. அதன்படி பார்த்தால், ஒவ்வொரு சபைக் கமிட்டியும் தன் ஆண்டுக் கணக்கில் மூன்று விவரங்களைச் சேர்க்கலாம்: மிகக் குறைந்த சம்பளம் எவ்வளவு, அது எந்தத் தேதியில் கைக்குப் போனது, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கட்டப்பட்டதா.